காதை மூடும் உரிமை

கண்ணுக்கு இமை உண்டு. வாய்க்கு உதடு உண்டு. காதுக்கு மட்டும் இயற்கை கதவு வைக்கவில்லை. உறங்குகிறவனின் காதும் திறந்தே கிடக்கிறது. புலிக்கும் பாம்புக்கும் அஞ்சி வாழ்ந்த ஆதிமனிதனுக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடாக இருந்திருக்க வேண்டும். இயற்கை வைக்க மறந்த, அல்லது வைக்க மறுத்த அந்தக் கதவை மனிதன் இப்பொழுது தன் கையாலேயே செய்து பொருத்திக்கொண்டுவிட்டான். பதுளை பஸ் நிலையத்தை அடுத்த நடைபாதையில் அது சின்னஞ்சிறு பெட்டிகளில் அடுக்கி விற்கப்படுகிறது. ‘இயர்பட்ஸ்’ என்று சொன்னால் எந்தத் தோட்டத்துப் பிள்ளைக்கும் தெரியும். பட்டாணி அளவான இரண்டு கருவிகள், கம்பியில்லை. ஒவ்வொரு காதிலும் ஒன்றைச் செருகிக்கொண்டால் வெளியுலகம் விலகிப் போகிறது. சட்டைப்பையிலிருக்கும் கைத்தொலைபேசியின் பாட்டும் பேச்சும் மண்டைக்குள்ளேயே எழுவன போல் ஒலிக்கின்றன.

இதைப் பற்றி ஆசிரியர் ஓய்வறைகளில் நடைபெறும் உரையாடலை வாசகர் அறிவர். “கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, பெரியவர் பேச்சு காதில் ஏறுவதில்லை, ஒரு தலைமுறையே செவிடாகிவிட்டது” என்பது அதன் சாரம். வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த மொழியில் பிறந்த பிள்ளைகள் இப்படிக் காதை அடைத்துக்கொண்டு திரியலாமா என்று தமிழாசிரியர்களாகிய நாம் ஒரு படி மேலே போய் வருந்துகிறோம். இந்த வருத்தத்தில் உண்மை ஒரு பங்கு உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. காதை மூடிக்கொள்ள மனிதனுக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அந்த உரிமை இதுவரை யாருக்கு இருந்தது?

தோட்டத்தின் வரலாற்றை ஓசையின் வரலாறாகவும் எழுதலாம். விடியுமுன் தப்பொலி, பிறகு கொம்பு, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும் குரல், மலையில் கங்காணியின் அதட்டல், கொழுந்து மடுவத்தில் நிறை சொல்லும் குரல். இவை அனைத்தையும் தொழிலாளி கேட்டே ஆக வேண்டும். கேளாமற்போனால் அன்றைய பெயர் போயிற்று, அல்லது அரைப்பெயராயிற்று. கேட்பது அங்கே ஒரு கடமையாக இருந்தது. பேசுவது மற்றவர்க்குரியதாக இருந்தது. துரையின் பங்களாவோ மேட்டில், மரங்களுக்கு நடுவே, இந்த ஓசை எதுவும் எட்டாத தொலைவில் கட்டப்பட்டது. மௌனம் என்பதும் காணியைப் போலவே பங்கிடப்பட்டிருந்தது. பெரும்பகுதி ஒருவனுக்கு, எஞ்சியவர்களுக்கு ஒன்றுமில்லை.

வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியவனுக்கும் ஓசையிலிருந்து விடுதலை இல்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா. அதற்கு முன்னால் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் இன்னொரு குடும்பம். பல பழைய லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரையைத் தொடுவதில்லை. சுவருக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள வெளியினூடாக அடுப்புப் புகை போகும். அதனோடு கணவன் மனைவி சச்சரவும், கிழவரின் இருமலும், பிள்ளையின் அழுகையும், புதிதாக மணமுடித்தவர்களின் தாழ்ந்த பேச்சும் போகும். இலங்கை வானொலி கொடிகட்டிப் பறந்த காலத்தில் ஒரு காம்பராவில் வானொலிப்பெட்டி இருந்தால் லயம் முழுவதற்கும் பாட்டு உண்டு. அதைக் கூட்டு வாழ்வின் இனிமை என்று எழுதி மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இனிமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பிடிக்காத பாட்டை நிறுத்தச் சொல்ல வழியில்லாத இனிமை அது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அந்த இனிமை எப்படிப்பட்டது என்பதை எட்டுக் காம்பராக்களின் சந்தடிக்கிடையே கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இந்தச் சூழலில் ஒரு பதினாறு வயதுப் பெண் காதில் இயர்பட்டைச் செருகிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்காருகிறாள் என்றால் அவள் செய்வது என்ன? தோட்டம் அவளுக்குக் கட்டிக் கொடுக்காத சுவரைத் தானே கட்டிக்கொள்கிறாள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, இந்தச் சுவரின் பயனை நாம் நேரிலேயே கண்டோம். அக்காவும் தம்பியும் ஒரு சோடியைப் பங்கிட்டு ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு ஒரே பாடத்தைக் கேட்டதும் உண்டு. காதுநோயைப் பங்கிட்டுக்கொண்டதும் உண்டு. தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்து வளர்ந்த ஒருவர், இந்தப் பிள்ளையைப் பார்த்து ‘ஒட்டாமல் வாழ்கிறாள்’ என்று குறைகூறுவது நியாயமன்று. சுவருள்ளவனின் தனிமைக்கு ‘அமைதி’ என்று பெயர். சுவரற்றவளின் தனிமைக்கு ‘அகம்பாவம்’ என்று பெயரா?

ஹோமரின் ‘ஒடிசி’யில் ஓர் இடம் இங்கு நினைவுக்கு வருகிறது. மயக்கும் பாடலால் மாலுமிகளைக் கொல்லும் சைரன்களின் தீவைக் கடக்க வேண்டிய ஒடிசியஸ், துடுப்பு வலிப்பவர்களின் காதுகளை மெழுகினால் அடைத்துவிடுகிறான். தன்னை மட்டும் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, திறந்த காதோடு பாடலைக் கேட்டுக்கொண்டே போகிறான். ஜெர்மானியச் சிந்தனையாளர்களான ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1940களில் இக்கதையில் முதலாளியையும் தொழிலாளியையும் கண்டனர்: உழைப்பவன் கேட்கக்கூடாது, உழைக்க வேண்டும், கலை உழைக்காதவனுக்கு. நம் மலைகளில் கதை சற்று மாறி நடந்தது. இங்கே துடுப்பு வலித்தவர்களின் காது அடைக்கப்படவில்லை. கட்டளை விழவேண்டும் என்பதற்காகத் திறந்தே வைக்கப்பட்டது. இப்போது அவர்கள் மெழுகைத் தாங்களே காசு கொடுத்து வாங்குகிறார்கள். துடுப்பை வலித்துக்கொண்டே பாடலையும் கேட்கிறார்கள். ஹோமர் எண்ணிப் பாராத ஏற்பாடு இது. இதனால் அவர்கள் விடுதலை பெற்றுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். அடிமைத்தனம் முற்றிவிட்டது என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் சங்கதி தெளிவாகும். இரண்டு கைகளும் வேலையில், கூடையின் கயிறு தலையில், இடுப்பில் படங்கு, இருபுறமும் தேயிலைச் செடிகளின் முரட்டுக் கிளைகள். பழைய கம்பியுள்ள காதுக்கருவி ஒரு நிரை முடிவதற்குள் நான்கு தடவை கிளையில் சிக்கும், கூடைக்கயிற்றில் சுற்றும், தொலைபேசியையே இழுத்துக் கீழே போடும். கம்பியில்லாக் கருவியில் அந்தத் தொல்லை இல்லை. தலையில் கட்டிய துணி அதன் மேல் படிந்து அதை விழாமலும் பிடித்துக்கொள்கிறது. நகரத்து இளைஞனுக்கு அது நாகரிகம். அவளுக்கு அது, எட்டு மணி நேரச் சலிப்பில் ஒரு மணி நேரத்தைத் தனதாக்கிக்கொள்ளும் வசதி. பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாக்கப்பட்டது; 2024 இல் 1,350 ரூபாவாக்கப்பட்டது. நடைபாதையில் விற்கும் மலிவான சோடி ஒன்று இரண்டு நாட்சம்பளத்துக்குள் கிடைத்துவிடும். ‘சோற்றுக்கில்லாத இடத்தில் பாட்டு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு நான் மறுமொழி சொல்லப்போவதில்லை. பாட்டில்லாமல் வாழ்ந்த உழைப்பாளி எந்த நாட்டிலும் இருந்ததில்லை.

மலிவான அந்தச் சோடி காதுக்குப் பொருந்துமா என்பதுதான் அவளுடைய உண்மையான பிரச்சினை. காதுத்துளை நேரான குழாயன்று. ஏறக்குறைய இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள, வளைந்து செல்லும் வழி. ஒருவரின் துளை மற்றொருவரின் துளையைப் போல் இருப்பதில்லை. ஒரே ஆளின் இடக்காதும் வலக்காதும்கூட ஒன்றுபோலிருப்பதில்லை. பொதுவாகப் பெண்களின் துளை ஆண்களினதைவிடச் சிறியது. அப்பிள் நிறுவனம் 2016 டிசெம்பரில் விற்பனைக்கு விட்ட கம்பியில்லாக் காதுக்கருவி உலகின் எல்லாக் காதுகளுக்கும் ஒரே அளவில் வந்தது. 2019 இல் அதே நிறுவனம் வெளியிட்ட மற்றொரு வகையில் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று சிலிக்கன் முனைகள் இருந்தன; 2022 இல் மிகச் சிறியது என நான்காவது ஒன்றும் சேர்க்கப்பட்டது. கோடி கோடியாக விற்கும் பொருளுக்கு மனிதக் காதின் வேற்றுமையை ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் பிடித்தன. நடைபாதைச் சோடியோடு இந்த முனைகள் எப்போதும் வருவதில்லை. வந்தாலும் ஒன்று தொலைந்தால் கிடைப்பதில்லை. பெரியது சிறிய காதை வலிக்கச் செய்யும். சிறியது பெரிய காதிலிருந்து வடிகானுக்குள் விழும்.

ஆயினும் ஒன்றை இங்கே நின்று கவனிக்க வேண்டும். ஏதோ ஒரு தொழிற்சாலையில், யாரோ சிலர், மனிதனின் காது எப்படியெல்லாம் இருக்கும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வாங்குகிறவனுக்கு வலிக்கக்கூடாதே என்று கவலைப்பட்டிருக்கிறார்கள். வாங்குகிறவன் என்பதால் வந்த கவலைதான், இருந்தாலும் கவலை. உழைப்பவள் என்ற முறையில் அந்தப் பெண்ணின் உடலை இப்படி அளந்து பார்த்தவர் யார்? கூடைக்கயிறு உச்சந்தலையில் அழுத்தும் பாரத்தை அவள் கழுத்தின் அளவுக்கேற்பக் குறைத்தவர் யார்? குடும்பத்தில் இருவரானாலும் எட்டுப் பேரானாலும் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டுதான். சிறியது, நடுத்தரம், பெரியது என்ற பேச்சு அங்கே எழவே இல்லை. காதுக்கருவி உடலுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. தோட்டத்தில் உடல்தான் கருவிக்கு ஏற்றபடி வளைக்கப்பட்டது. ஒரே பெண்ணின் காதுக்கு உள்ள மதிப்பு அவள் முதுகுக்கு இல்லாமற்போனதற்குக் காரணம் எளியது: காது சந்தையில் வாங்கும் பக்கத்தில் இருக்கிறது; முதுகு விற்கும் பக்கத்தில் இருக்கிறது.

இனி, ஓய்வறை வருத்தத்தில் உள்ள உண்மைக்கு வருகிறேன். நன்றாகப் பொருந்தாத கருவி ஒவ்வொரு நிமிடமும் தன்னை நினைவூட்டிக்கொண்டிருக்கும். நன்றாகப் பொருந்தியது மறந்துபோகும். காதில் ஒன்று இருக்கிறது என்பதே மறந்துவிட்டால், கேளாமலிருப்பதும் மறந்துவிடும். இன்னொன்றும் உண்டு. வாயசையும்போது தாடையோடு சேர்ந்து காதுத்துளையின் வடிவமும் சற்று மாறுகிறது. அதனால் பேசும்போதும் சாப்பிடும்போதும் இயர்பட் நழுவுகிறது. அசையாமல், பேசாமல் இருப்பவனின் காதில்தான் அது மிக நன்றாகப் பொருந்துகிறது. துளையை இறுக அடைத்துக்கொண்டு பேசினாலோ நம்முடைய குரலே நமக்குள் முழங்குகிறது. எலும்பின் வழியாகச் சென்ற ஒலி வெளியேற வழியின்றி உள்ளேயே தங்குவதால் வருவது அது. பிறர் குரல் தேய, தன் குரல் பெருக்கும் நிலை! இதைக் காதுக்கருவியில்லாமலே எய்திய பெரியோர் சிலரை நமது மேடைகளில் கண்டிருக்கிறோம். அது வேறு விஷயம்.

உடல்நலத்தின் பக்கமும் உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரமென்றால் 80 டெசிபலுக்கு மேல் கேட்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வரையறை செய்தது, சிறுவர்க்கு 75. பன்னிரண்டுக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட வயதினரில் நூறு கோடிக்கு மேற்பட்டோர் உரத்த ஒலியால் செவிப்புலனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்று 2022 இல் எச்சரித்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உருளைகளின் இரைச்சலுக்கும் விசிறிகளின் இரைச்சலுக்கும் மேலாகப் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஒலியை எவ்வளவு கூட்ட வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அங்கே காதைக் காக்கும் அடைப்பான் கொடுக்க வேண்டியவர் கொடுக்காவிட்டால், தொழிலாளி காதைக் கெடுக்கும் அடைப்பானை வாங்கிக்கொள்கிறான்.

ஆனால் ‘காதை அடைத்துக்கொண்டால் ஆபத்து தெரியாதே’ என்று இளைஞனிடம் சொல்லும்போது நம் நாக்கு சற்றுத் தயங்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அப்படித் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கு வாழ்வோரை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை எத்தனையோ மேசைகளைக் கடந்திருக்கும். அந்த மேசைகளில் அமர்ந்திருந்த ஒருவர் காதிலும் இயர்பட் இருக்கவில்லை. அவை பரவுவதற்கு முந்திய காலம் அது. திறந்த காதுகளால் கேட்டார்கள். கேட்டுக் கோப்பில் வைத்தார்கள். லயத்து மக்களோ கேட்டும் போக முடியாதவர்களாக இருந்தார்கள். காணி இல்லாதவனிடம் ‘இடத்தை விட்டுப் போ’ என்றால் எங்கே போவான்? செவிடு காதில் இல்லை.

2025 நவெம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் மண்ணைத் தோண்டித் தன் மக்களைத் தேட வேண்டியதாயிற்று. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை வெளியாகிறது. சிவப்பு என்றால் உடனே வெளியேற வேண்டும். அந்தச் சிவப்பு எந்த மொழியில் வந்து சேருகிறது என்பதும் பொருத்தத்தைப் பற்றிய கேள்விதான். 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று; 1987 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியென்றது. திருத்தம் நடந்து ஒரு தலைமுறைக்கு மேலாகியும், ஒரு காரியாலயக் கடிதத்தை ஏந்திக்கொண்டு ‘இதில் என்ன எழுதியிருக்கிறது, சேர்?’ என்று பெற்றோர் பாடசாலைக்கு வருவது நின்றபாடில்லை. புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை, பொருந்தாத இயர்பட்டைப் போன்றதே. காதின் வாசலில் நின்று வலிக்குமே தவிர உள்ளே போகாது.

தனி வீடுகள் வந்தால் இந்தப் பிள்ளைகள் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிடுவார்களா என்று ஒரு நண்பர் கேட்டார். இந்திய உதவியோடு ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட வீடுகள் சில தோட்டங்களில் எழும்பியிருக்கின்றன, சுவர் கூரை வரை போகிறது, கதவைச் சாத்தலாம். அங்கும் இளைஞர் இயர்பட்டோடுதான் இருக்கிறார்கள். ஆகவே சுவரில்லாமை மட்டுமே காரணம் என்று நான் வாதாடினால் அது பொய்யாகும். 1924 இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையில், இரவு வண்டியேறிக் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகும் பிள்ளைகளைப் பாருங்கள். பெட்டி முழுவதும் மௌனமாக இருக்கும். ஊரை விட்டுப் போவதன் துக்கத்தை முன்பு பக்கத்திலிருப்பவரிடம் சொல்லி ஆற்றினார்கள். இப்போது பாட்டுக் கேட்டு ஆற்றுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே துக்கம் என்பது இருவருக்கும் தெரியாமலே விடிந்துவிடுகிறது. ஒன்றுகூடிக் கேட்டதனால்தான் நம்மவர்கள் தொழிற்சங்கம் கட்டினார்கள் என்பதை நினைக்கும்போது, இந்த மௌனம் எனக்குச் சுகமாகப் படவில்லை. அதற்காக அந்தப் பிள்ளைகளின் காதைத் திறக்கும் அதிகாரம் எனக்கு இருப்பதாகவும் படவில்லை.

வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மழைக்காலத்தில் இரவிலாவது இரண்டு காதையும் திறந்து வையுங்கள் என்றேன். பின்வரிசையிலிருந்த ஒருவன் எழுந்து, “மழை கொட்டும்போது தகரத்தில் விழுகிற சத்தத்தில் காது திறந்திருந்தாலும் ஒன்றும் கேட்காது, சேர்” என்றான். உண்மைதான், தகரக் கூரையின் கீழ் வாழாதவனின் அறிவுரை என்னுடையது. அவர்கள் லயத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். கடும் மழை பெய்யும் இரவுகளில் மூன்று இளைஞர் முறை வைத்து விழித்திருப்பார்களாம். மேட்டுப் பக்கத்து மண்ணில் வெடிப்பு விரிகிறதா, வடிகானில் ஓடும் தண்ணீர் திடீரென்று சேறாகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். ஐயம் தோன்றினால் சத்தம் போட்டு நேரத்தை வீணாக்காமல் ஒவ்வொரு கதவாகத் தட்டி ஆட்களைக் கையைப் பிடித்து எழுப்புவார்கள். தூக்கம் வராமலிருக்க என்ன செய்வீர்கள் என்றேன். ஒரு காதில் பாட்டு வைத்துக்கொள்வோம் என்றான். மற்றக் காது சும்மா இருக்கும்.